சிப்பாய் உடை தைத்தவனின் ஊர்

மார்ச் 19, 2024, செவ்வாய்: வேலூரிலிருந்து அல்சூர்

அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் பஸ்ஸை ஓரங்கட்டச் சொன்னார்கள். தேர்தல் தேதி அறிவித்து மூன்று நாள்தான் ஆகிறது. எல்லையில் ஒரு வண்டியும் தப்பவில்லை. பணம், பாட்டில், பரிசுப் பொருள் என்று தேடிக்கொண்டே வந்தார்கள். என் தலைக்கு மேல் தட்டில் பழைய வேட்டியில் சுற்றிய நாலரை அடி நீள மூட்டை ஒன்று இருந்தது. "ஏனிது?" என்றார் அலுவலர். அவிழ்த்தேன். துப்பாக்கி.

பஸ்ஸே எழுந்து நின்றுவிட்டது. மரத் துப்பாக்கிதான், சுடாது என்று தமிழில் சொன்னேன். அவருக்குத் தமிழ் பிடிபடவில்லை, எனக்குக் கன்னடம் வரவில்லை. பின் சீட்டில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து, கன்னடத்தில் என்னமோ சொன்னார். அதில் 'நாடக' என்பது மட்டும் புரிந்தது. அலுவலர் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். கை சட்டென்று கீழே இறங்கியது. "இஷ்டு பாரா?" என்றார், இவ்வளவு கனமா என்று. ஆமாம் சார், அந்தக் காலத்து நிஜத் துப்பாக்கியும் நாலரைக் கிலோ, அதே கனம் வரட்டும் என்று குழலுக்குள் இரும்புக் கம்பி வைத்துச் செய்தது என்றேன். கண்டக்டர் மொழிபெயர்த்தார். போட்டோ எடுத்து, பெயர், போன் நம்பர் எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். முக்கால் மணி நேரம் போனது. ஒருவர்கூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பாட்டி மடியிலிருந்து ஒரு கைப்பிடி வேர்க்கடலை கொடுத்தார்.

அந்தக் கம்பியை உள்ளே வைக்கச் சொன்ன என் நண்பனுக்கு நாளைக்கு முதல் வருஷத் திதி. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்து வளர்ந்தது பெங்களூர் அல்சூரில். அப்பா பட்டாளத்துக்காரர்களுக்கு யூனிஃபார்ம் தைத்தவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் மையம் பக்கத்திலேயே இருப்பதால் அந்தத் தெருக்களில் காக்கித் துணிக்குப் பஞ்சமிருந்ததில்லை. இவன் படித்து பேங்க் வேலைக்குப் போனான். கை மட்டும் தையலை விடவில்லை. வேலூருக்கு மாற்றலாகி வந்தபோது ஒரு நாள் கோட்டை அகழி ஓரத்தில் நின்று, சிப்பாய்ப் புரட்சி நடந்த 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் எந்த வழியாக வந்திருப்பார்கள் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு அடி அளந்துகொண்டிருந்தான். நானும் அதே வேலையாக அங்கே போயிருந்தேன். அப்படி ஆரம்பித்த பழக்கம்.

பழைய போர்களை அந்தக் காலத்து உடையில் நடித்துக்காட்டுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. வெளிநாட்டில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். வாட்டர்லூ போரின் 200-வது ஆண்டுக்கு 2015-ல் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் காலத்து உடையில், அந்தக் காலத்துச் சமையலோடு, அதே மைதானத்தில் கூடாரம் போட்டார்கள். இங்கே வெடிமருந்தைத் தொட முடியாது. ஆயுதச் சட்டம் இருக்கிறது. நாங்கள் பள்ளிக்கூடங்களிலும் கோட்டை வாசல்களிலும் மரத் துப்பாக்கியோடு நின்று, தோட்டா கிழிப்பதிலிருந்து கம்பியால் இடிப்பது வரை கவாத்து செய்து காட்டுவோம். அவ்வளவுதான் எங்கள் படை.

அல்சூரில் இறங்கியபோது மணி இரண்டரை. பெங்களூர் குளிர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலூர் வெயில் பின்னாலேயே வந்துவிட்டது. தண்ணீர் பஞ்சம் வேறு. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம். நண்பன் வீட்டில் குளியலறை வாசலில் மூன்று பக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. "ஒண்ணு உங்களுதுண்ணா, தலைக்கு ஊத்திக்கிட்டா கால் கழுவத் தண்ணி மிச்சம் வைங்க" என்றாள் அவன் மனைவி. இந்த ஒரு வருஷத்தில் அவள் ரொம்பவே மெலிந்திருக்கிறாள்.

துப்பாக்கியைக் கூடத்தில் சாய்த்து வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா மட்டும் எழுந்து வந்து அதில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் துடைத்தார்.

மார்ச் 20, புதன்: படையல்

காலையிலேயே வீடு நிறைந்துவிட்டது. எங்கள் குழுவில் மூன்று பேர் வந்திருந்தார்கள்: சாப்பர்ஸில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஐயா, ஒரு கல்லூரி ஆசிரியர், சிவாஜி நகரில் ஆட்டோ ஓட்டும் தம்பி. கவாத்து சொல்லித்தருவது ஹவில்தார் ஐயாதான்.

இலையில் வடை, சர்க்கரைப் பொங்கல், வாழைக்காய் வறுவல், அவரைக்காய் பொரியல், சாம்பார். ஓரத்தில் ஒரு சொம்பு நிறையக் கஞ்சி. ஏன் கஞ்சி என்று உறவுக்காரப் பெண் ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியும். 1751-ல் ஆற்காட்டு முற்றுகையில் சோறு குறைந்தபோது, கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. விசுவாசத்துக்கு உதாரணமாக அதை வெள்ளைக்காரர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். அந்தக் கதை வரும்போதெல்லாம் இவன் ஒன்றே ஒன்றுதான் கேட்பான்: "குடிச்சவன்கிட்ட யாராவது போய்க் கேட்டாங்களா?" ஒரு முறை அதைப் பார்த்தே தீருவேன் என்று மூன்று நாள் வெறும் கஞ்சியோடு கவாத்துக்கு வந்தான். மூன்றாம் நாள் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்ற முடியவில்லை. "இந்தக் கையோட சுவர் மேல நின்னு சுட்டிருக்கான்டா" என்றான். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். அவருடைய பிறந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம்.

"உங்களுக்கெல்லாம் அவன் புஸ்தகம் படிச்சு இதுக்கு வந்தான்னு நெனப்பு. இல்ல கண்ணு. அஞ்சு வயசுல எங்க ஊரு திரௌபதியம்மன் திருவிழாவுக்குத் தூக்கினு போனேன். பதினெட்டாம் போரு அன்னிக்கு மண்ணுல துரியோதனன் பொம்மை போட்டு வெச்சிருப்பாங்க, எம்மாம் பெருசு! வேஷம் கட்டினவங்க அதைச் சுத்திச் சுத்தி ஓடுவாங்க. பீமன் தொடையில அடிச்சதும் பொம்பளைங்கல்லாம் நெஜமாவே அழுவோம். துரியோதனனுக்காகவும் அழுவோம். இவன் என் இடுப்புல உக்காந்துனு, 'இவங்கல்லாம் யாரும்மா, பின்னால ஓடறவங்க?'ன்னான். வேஷக்காரங்களுக்குத் தண்ணி குடுக்கறவங்க, தீவட்டி புடிக்கறவங்கன்னேன். அவங்களையே பாத்துனு இருந்தான்."

இத்தனை வருஷப் பழக்கத்தில் இதை அவன் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் கேட்டதும் எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் நிகழ்ச்சிகளில் எல்லோருக்கும் திப்பு ஆக வேண்டும், இல்லையென்றால் குதிரையில் வரும் அதிகாரி ஆக வேண்டும். அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. மூட்டை சுமப்பவன், மாடு ஓட்டுபவன், ஏணி தூக்கி வருபவன், கடைசி வரிசைச் சிப்பாய் என்று அவனாகவே எடுத்துக்கொள்வான். அந்த ஏணிக்காரனின் உடையைத்தான் ராத்திரி கண்விழித்துத் தைப்பான்.

"படுகளம்னா என்னா, இதானே?" என்றார் அம்மா. ஹவில்தார் ஐயா தலையாட்டினார். நம் கிராமங்களில் எத்தனையோ தலைமுறையாக ஒரு போரை உடம்பால் நடித்துக்காட்டி, தோற்றவனுக்கும் சேர்த்து அழுதுகொண்டிருக்கிறோம். எங்கள் பொழுதுபோக்கை ஏதோ வெள்ளைக்காரன் விளையாட்டு என்று சொல்கிறவர்களை அம்மா முன்னால் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும்.

மார்ச் 21, வியாழன்: அல்சூர் வாசல், கோட்டை

1791-ல் இதே தேதியில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படை, திப்புவின் பெங்களூர்க் கோட்டைக்குள் புகுந்தது. ஒவ்வொரு வருஷமும் இன்று அவன், கோட்டைக்கு வெளியே இருந்த பழைய கடைத்தெரு ஊரான பேட்டையைச் சுற்றி நடப்பான். இந்த வருஷம் அவனுக்காக நாங்கள் நடந்தோம். அவன் மகளும் வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

அதிகாலை டிபன் அல்சூர் சந்தைத் தெருவில். தள்ளுவண்டி அக்கா ஒருவர் இட்லியும் காரச் சட்னியும் போட்டுக்கொண்டிருந்தார். நாலு இட்லி 40 ரூபாய். கை கழுவத் தண்ணீர் கேட்டதற்கு ஒரு சிறிய டம்ளரில் முக்கால் அளவு ஊற்றினார். "கோச்சுக்காதீங்க சார், டேங்கர் வரல" என்றார். கோபப்பட அதில் என்ன இருக்கிறது.

மெட்ரோவில் வந்து, அல்சூர் கேட் போலீஸ் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து நடையை ஆரம்பித்தோம். பேட்டைக்கு அந்தக் காலத்தில் மண் சுவர், அகழி, அதற்கு வெளியே முள்வேலி. 1791 மார்ச் 7 காலையில் கம்பெனிப் படை உடைத்து நுழைந்தது இந்த அல்சூர் வாசலைத்தான். பீரங்கிப் படையின் கர்னல் மூர்ஹவுஸ் இங்கே செத்தார். அவருக்குச் சென்னைக் கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. பெங்களூர் முற்றுகையில் இறந்தவர்களுக்காக ஹட்சன் சர்க்கிள் பக்கத்திலும் ஓர் உயரமான தூண் நின்றது; 1964-ல் அதை இடித்துவிட்டார்கள். இடித்தது சரிதான் என்பான் அவன். ஆனால் அதே இடத்தில் இரண்டு பக்கமும் செத்த சிப்பாய்களுக்கென்று முழங்கால் உயரத்தில் ஒரு கல் வைத்திருக்கலாம் என்றும் சொல்வான். கார்ன்வாலிஸோடு வந்ததில் பெரும்பகுதி சென்னை ராணுவத்து ஆட்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். எதிரே சுவர் மேல் நின்றவர்கள் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் பேசியவர்கள். மூர்ஹவுஸின் பெயர் தெரிகிறது. அவரோடு அந்த வாசலில் விழுந்த சிப்பாய்கள் ஒருவரின் பெயரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவன் தேடாத இடமில்லை.

நகரத்பேட்டை, அவென்யூ ரோடு, சிக்பேட்டை. வெயில் ஏறிவிட்டது. சிக்பேட்டையில் ஒரு பழைய துணிக்கடையில் நண்பனின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் எழுந்து நின்றார். பொத்தான் ஒன்றைக் கையில் வைத்து ஒரு மணி நேரம் உருட்டிப் பார்ப்பாராம்; வாங்குவது ஆறு பொத்தான். மோர் வரவழைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. தாராமண்டல்பேட்டை எது என்று ஆட்டோத் தம்பி கேட்டதும் கடைப்பையனை அனுப்பி வழி காட்டச் சொன்னார். திப்பு காலத்தில் ராக்கெட் செய்தவர்கள் இருந்த பேட்டை என்று சொல்வார்கள். மைசூர் ராக்கெட்டின் பலமே அதன் இரும்புக் குழாய்தான். காகிதத்தையும் மூங்கிலையும்விட அதிக அழுத்தம் தாங்கும், அதனால் அதிக தூரம் போகும். 2018-ல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பழைய கிணற்றைத் தூர்வாரியபோது ஆயிரம் ராக்கெட்டுக்கு மேல் கிடைத்தன. சேதி வந்த வாரமே அவன் அங்கே போய்விட்டு வந்து, அந்தக் குழாயைத் தட்டி உருட்டிய கொல்லர்களைப் பற்றியே ஒரு மாதம் பேசினான்.

மதியம் மிலிட்டரி ஓட்டலில் தொன்னை பிரியாணி. இலைத் தொன்னையில் சீரகச் சம்பா சோறு, பச்சை மசாலா, மட்டன் துண்டு நாலு. மேஜையைப் பகிர்ந்துகொண்ட பெரியவர், மகளின் இலையில் எலும்பில்லாத துண்டு குறைவாக இருப்பதைப் பார்த்துப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சொன்னார். யாரென்றே தெரியாத மனிதர்.

கோட்டை என்று இப்போது மிஞ்சியிருப்பது டெல்லி வாசலும் கொஞ்சம் சுவரும்தான். 1537-ல் கெம்பே கௌடா மண்ணால் கட்டியதை ஹைதர் அலி கல்லால் கட்டினார். மெட்ரோவுக்குத் தோண்டும்போது 2012-ல் இந்தப் பக்கத்தில் பழைய பீரங்கிகள் கிடைத்தன. சுவரில் பதித்த வெள்ளைக் கல் ஒன்றில், இந்த உடைப்பின் வழியாகத்தான் பிரிட்டிஷ் தாக்குதல் நடந்தது, மார்ச் 21, 1791 என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. உள்ளே நின்றவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கோட்டைத் தலைவரான கில்லேதார் பகதூர் கான் வயதானவர்; ஓடவில்லை, உடைப்பிலேயே நின்று வெட்டுப்பட்டு விழுந்தார். வருஷா வருஷம் அந்தக் கல்லின் முன் நின்று நண்பன் அவர் பெயரை உரக்கச் சொல்வான். இன்று அவன் மகள் சொன்னாள். காவலாளி திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

தாக்குதல் நடந்தது ராத்திரி பதினொரு மணி வாக்கில், நிலா வெளிச்சத்தில். அந்த நேரத்தில் அங்கே நின்று பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் திரும்பவும் போனோம். ஆட்டோத் தம்பி மீட்டர் போடவே விடவில்லை. வளர்பிறை நிலா நன்றாகவே இருந்தது. மார்க்கெட்டில் லாரிகள் வந்து நிற்க, கூலியாட்கள் கோஸ் மூட்டையை முதுகில் ஏற்றி, குனிந்தபடியே சுவர் ஓரமாக ஓடினார்கள். "பக்க, பக்க" என்று கத்தினார் ஒருவர், ஒதுங்கச் சொல்லி. ஒதுங்கினோம். மூட்டை ஐம்பது கிலோவுக்குக் குறையாது. ஹவில்தார் ஐயா மெதுவாகச் சொன்னார்: "அவன் இருந்தா இப்ப ஒரு மூட்டையை வாங்கியிருப்பான்."

வாங்கித்தான் இருப்பான். 1791 மே 15-ல் அரகெரேயில் கார்ன்வாலிஸ் ஜெயித்தும் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தொட முடியவில்லை. தீனியில்லாமல் மாடுகள் செத்தன, தானியம் வரவில்லை, பெரிய பீரங்கிகளை இழுக்க வழியில்லை. தன் பீரங்கிகளைத் தானே நாசமாக்கிவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். போரை நிறுத்தியது மாடுகளும் மூட்டைகளும்தான், அதைச் சுமந்தவனை விட்டுவிட்டு நாம் என்ன நடித்துக்காட்டுகிறோம் என்று அவன் எங்களைக் கேட்காத நிகழ்ச்சி இல்லை.

திரும்பும் வழியில் தேநீர், பதினைந்து ரூபாய். இஞ்சி தூக்கலாக இருந்தது.

மார்ச் 22, வெள்ளி: பெட்டி

காலையில் அவன் மனைவி இரும்புப் பெட்டியைத் திறந்தாள். நாப்தலின் வாசனை. மேலே சிவப்புக் கோட்டு. கம்பளித் துணியில் தைத்தால் நம் ஊரில் நின்று கவாத்து செய்ய முடியாது என்று கெட்டிப் பருத்தியில் சாயம் போட்டுத் தைத்தது. முட்டிக்கு மேலேயே நின்றுவிடும் வெள்ளைக் கால்சட்டை, ஓரத்தில் நீல வளைவு வேலைப்பாடு. அதை மெஷினில் ஓட்டாமல் கையால் போட்டிருக்கிறான். நீலத் தலைப்பாகைக்கு உள்ளே மூங்கில் பட்டை. காஜாக்களை விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூட நூல் பிரியவில்லை.

ஒரு தனியார் காட்சியகத்திலிருந்து கேட்டார்களாம், கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம் என்று. அவளுக்கு மனசில்லை. "போட்டுக்கத்தானேண்ணா தைச்சாரு" என்றாள்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. டிவி தொடர்களில் பளபளக்கும் பாலியஸ்டரில் ராஜாக்கள் வருகிறார்கள். பார்க்கிற பிள்ளைகள் அதுதான் சரித்திரம் என்று நம்பிக்கொள்கிறார்கள். அக்குளில் வியர்வைக் கறை படிந்த இந்த உடுப்பை ஒரு பிள்ளை போட்டு, நாலரைக் கிலோவைத் தோளில் ஏற்றிப் பத்து நிமிஷம் வெயிலில் நின்றால் போதும்.

மகள் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தோள் இறங்குகிறது, கை நீளம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பக்கத் தையலைப் பார்த்தார். "உங்கப்பன் தையல் மார்ஜின் விட்டுத்தான் வெச்சிருக்கான். பிரிச்சுப் பிடி. காஜாப் பக்கம் கை வெக்காத" என்றார். மாமியாரும் மருமகளும் அளவு நாடாவோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஹவில்தார் ஐயா பிள்ளைக்கு முதல் பாடமாகத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நிற்கச் சொல்லிக்கொடுத்தார். நாலாவது நிமிஷத்தில் கை நடுங்கியது. இறக்கச் சொன்னார், அவள் இறக்கவில்லை.

சாயங்காலம் கிளம்பினேன். போகும் வழியில் பிரிகேட் ரோடு முனையில் சாப்பர்ஸ் நினைவுத் தூணைப் பார்த்தேன். 1780-ல் உருவான படை. வேலியை உடைக்கும் 'பெங்களூர் டார்பிடோ'வை இந்த ஊரில் உருவாக்கியவர் இதே படையின் கேப்டன் மெக்ளிண்டாக், 1912-ல். அதைவிட நண்பனுக்குப் பெரிதாக இருந்தது காஞ்சிபுரம் பக்கத்து சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் கண்ணிவெடி வெடிக்கப் போகிற நொடியில் அதன் மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதை நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர். அல்சூரிலேயே எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

எல்லையில் இந்த முறை என்னிடம் மூட்டை இல்லை. பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். கிருஷ்ணகிரி தாண்டியதும் பஸ்ஸில் பாதிப் பேர் போனில் மேட்ச் பார்க்க ஆரம்பித்தார்கள். சேப்பாக்கத்தில் சென்னையும் பெங்களூரும். பக்கத்து சீட்டு இளைஞர் பெங்களூர்க் கட்சி. பெங்களூரில் பிறந்த தமிழர். சென்னை ஜெயித்ததும் எனக்குக் கை கொடுத்துவிட்டு, பையிலிருந்து மைசூர்பாகு எடுத்து நீட்டினார். வேலூரில் இறங்கும்போது போனில் மகளின் செய்தி: கோட்டு பிடித்தாகிவிட்டது, கால்சட்டைக்கு நீல நாடா மட்டும் இரண்டு மீட்டர் போதவில்லை, வேலூரில் கிடைக்குமா மாமா?

கிடைக்கும். ஜூலை 10 அன்று மக்கான் சந்திப்பில் இருக்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண் பக்கத்தில் நின்று காட்டுவதாக இருக்கிறோம். 1806-ல் அந்தச் சிப்பாய்கள் மறுத்தது புதுத் தலைப்பாகையை. அதனால் பழையதும் புதியதும் இரண்டுமே தைத்தாக வேண்டும். திங்கட்கிழமை அனுமதிக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். தண்ணீர் சுமக்கிற ஆளாகத் தானே வருவதாக அவள் இப்போதே எழுதி அனுப்பிவிட்டாள். தோல்பை கிடைக்காவிட்டால் மண்குடம் போதும், ஆனால் நிரம்பிய குடமாக இருக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறாள்.